துலுக்காத கிடாய்

பாவாயியிடம் இருந்தவை நான்கே வெள்ளாடுகள். நான்குக்கும் நாலு குணம். ராங்கி முன்னால் நடக்காவிட்டால் மற்றவை ஓர் அடி நகராது. களவாணி கட்டை அவிழ்த்துக்கொண்டு உலையரிசியைத் தின்றுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அசைபோடுவாள். செவலை பயந்தாங்குளி. நான்காவது ஒரு மறுவில்லாத கரிய கிடாய். பேர் மங்கன்; கல்லுளிமங்கனேதான்.

தூறல் விழுந்தாலே மற்றவை குடிசைக்குள் பாயும். மங்கன் கொட்டுகிற மழையில் மயிர் அசையாமல் நிற்பான். பாவாயி முந்தானையால் துடைக்கப் பக்கத்தில் போவாள். அதற்கென்றே காத்திருந்தவன் போல அப்போதுதான் தலை முதல் வால் வரை ஒரே உதறு உதறுவான். "நாசமாப் போறவனே" என்று திட்டிக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொள்வாள். புருஷனும் பிள்ளையும் இல்லாத அந்த வீட்டில் அவள் சிரிப்பது அப்போது மட்டும்தான்.

ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே அவள் குடிசை. அடுத்த காடு கந்தப்பனுடையது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே பயந்துகிடந்த வருஷம், அவன் சோளக்காட்டில் களவாணி புகுந்தாள். பின்னாலேயே செவலையும் போனாள். திருடினவள் ஓடிவிட்டாள், பயந்து நின்றவள் மண்டை பிளந்து கிடந்தாள், அதுவும் நிறைசினையாக.

"நரி அடிச்சிருக்கும் பாவாயி. பாவம், வாயில்லாச் சீவன்" என்றான் கந்தப்பன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! நரி கடிக்கும், மண்வெட்டியாலா அடிக்கும்? கருப்பணசாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியமும் பண்ணினான் படுபாவி. ஊர் நம்பியது.

"உன்ற வாயாலயே சொல்ல வைக்கலீன்னா நான் பாவாயி இல்லடா" என்று வயிறெரிந்து கறுவிக்கொண்டாள்.

வெள்ளாமை வீடு சேர்ந்ததும் கருப்பணசாமிக்கு வெட்ட மறுவில்லாத கரிய கிடாய் தேடினான் கந்தப்பன். கடைசியில் அவள் வாசலுக்கே வந்து நின்றான்.

"சாமிக்குன்னா காசு எதுக்குங்க? ஓட்டிட்டுப் போங்க. சாமி ஏத்துக்கலீன்னா மட்டும் என்ற கெடா எனக்கே வந்துரோணும்."

"அதெப்படி ஏத்துக்காது?" என்று சிரித்தான் கந்தப்பன்.

தீர்த்தம் தெளித்தால் கிடாய் உடம்பை உலுக்க வேண்டும். அதைத் துலுக்குவது என்பார்கள். அதுதான் சாமி உத்தரவு. துலுக்காத கிடாயை வெட்டக்கூடாது.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தலையில் தெளித்தார். மங்கன் அசையவில்லை. முதுகில் ஊற்றினார், குடத்தையே கவிழ்த்தார். மங்கன் கல்லாக நின்றான்.

"குத்தமிருக்குது. எதையோ மறைக்கறீங்க" என்றார் பூசாரி.

கந்தப்பனுக்கு வேர்த்து ஊற்றியது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "பொய்ச் சத்தியம் பண்ணிப்புட்டேன் சாமி. பாவாயி ஆட்ட நாந்தான் அடிச்சுக் கொன்னேன்."

ஊரே காறித் துப்பாத குறை. பாவாயிக்கு வயிறு குளிர்ந்தது. அதோடு சும்மா நின்றிருக்கலாம், பாழாய்ப்போனவள். அவன் கண் முன்னாலேயே கிடாயைத் திருப்பி ஓட்டிப்போனால்தான் ஆசை அடங்கும் என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

"சாமி ஏத்துக்கலீங்க. என்ற கெடாய நான் ஓட்டிட்டுப் போறேன்" என்று கயிற்றைப் பிடித்தாள்.

அவள் பக்கத்தில் வந்ததும் மங்கன் தலை முதல் வால் வரை ஒரே உதறு உதறினான்.

பெண்கள் குலவையிட்டார்கள். "உண்மையச் சொன்னதும் உத்தரவு குடுத்துட்டாரு" என்றார் பூசாரி. கந்தப்பன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கும்பிட்டான்.

முகமெல்லாம் மஞ்சள் தண்ணீர் வழிய பாவாயி நின்றாள். பூசாரி அவள் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.