கொய்னா மரத்தடியில் குளவி

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு இலங்கை மலையகத்தின் நானுஓயாவில் ரயில் ஏறி வட்டகொடையில் இறங்கினேன். அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு ஐந்நூறு ரூபாய். திருச்சியில் பார்மசி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். தேயிலை பரவுவதற்கு முன்னால் இந்த மலைகளில் சின்கோனா பயிரிட்டார்கள். மலேரியாவுக்கான கொய்னா மருந்து அதன் பட்டையிலிருந்துதான் வந்தது. தப்பிப் பிழைத்த ஒரு மரம் இங்கே நிற்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். "பட்டை பார்க்கவா பாஸ்போர்ட்டு?" என்று கேட்டாள் என் மனைவி.

"கொய்னா மரமா? கொழுந்து எடுக்கிறவங்கள கேளுங்க சார்," என்று மலையடியில் இறக்கிவிட்டார் ஆட்டோக்காரர்.

மணி பத்தரை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் செல்வி என்பவர் கூடவே வந்து மரத்தைக் காட்டினார். நாற்பது வயதிருக்கும். செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படங்கு என்ற தடித்த விரிப்பைச் சுற்றியிருந்தார்.

"தொடாதீங்க சார், மேல குளவிக்கூடு இருக்கு."

நான் தொடவில்லை. குடைக் காம்பால் பட்டையை ஒரு தட்டுத் தட்டினேன். படித்தவன் புத்தி!

"குளவி! குந்துங்க, குந்துங்க!" என்று கத்தினார் செல்வி. குளவி கலைந்தால் தேயிலைச் செடிக்கடியில் தலையை மூடிக்கொண்டு அசையாமல் குந்துவது அங்கே எல்லாருக்கும் கைவந்த பழக்கம். நானோ தலைதெறிக்க ஓடினேன். குளவிகளும் என்னோடு வந்தன. செல்வி பின்னாலேயே ஓடிவந்து, என்னைப் பிடித்து உட்காரவைத்து, தன் படங்கை அவிழ்த்து என்மேல் போர்த்தினார். அவருக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை.

எனக்கு நான்கு கொட்டு. அவருக்கு எண்ணவே முடியவில்லை. சற்று நேரத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. கொழுந்து லொறியில் படுக்கவைத்துத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். பேருக்குத்தான் நான் மருந்து வாத்தியார். ஓரமாக நின்றேன்.

அங்கிருந்த மருந்தாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். "நல்லவேளை, மருந்து கையிருப்புல இருக்கு. முன்னாடி ஒரு தடவ இல்லாமப் போயி ஒரு அம்மாவ இழந்துட்டோம் சார்," என்றார், செல்வியின் நாடியிலிருந்து கையை எடுக்காமலே.

ஆடு மாடுகளின் சுரப்பிகளை அரைத்து வடித்து இந்த மருந்தைப் பிரித்தெடுத்தவர்கள் நூறு வருடங்களுக்கு முந்தைய மனிதர்கள். அந்தக் கதையை வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று அந்த மூச்சு மெல்ல மெல்லச் சீரானதைப் பார்த்தபோது முகம் தெரியாத அத்தனை பேரையும் கும்பிடத் தோன்றியது. வெட்கமில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, அவரை ஒரு நாள் கண்காணிப்புக்காகச் சேர்த்திருந்த நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீக்கம் வடியாத முகத்தோடு செல்வி உட்கார்ந்திருந்தார்.

"தப்பு பண்ணினது நான். நீங்க ஏம்மா ஓடிவந்தீங்க?" என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

"எங்கள்ல யாருக்காச்சும் ஒன்னுன்னா லயத்துல இருக்கிற வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். உங்களுக்கு ஏதாச்சும் ஆனா நாங்க யாருக்குச் சொல்றதுங்க? பேருகூட கேட்டு வைக்கலையே!"

எனக்குச் சுருக்கென்றது. என் பெயர், ஊர், தெரு, மனைவியின் பெயர் எல்லாவற்றையும் சொன்னேன். வீங்கிய உதடுகளால் ஒவ்வொன்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.