கேசட்டின் கடைசியில் தட்டிய சத்தம்

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு பேர் சேர்ந்தால் என்னைக் காட்டி, "நல்ல கல்யாணத்தை வாயாலேயே நிறுத்துனவன்" என்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நின்றது சரிதான் என்று பெண்ணின் அப்பா நூர் பாஷா பாய் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஊருக்குச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் ஷுக்கூரும் சவூதியை விட்டு வந்து ஓசூரில் கடை வைத்துவிட்டான். இனி எழுதினால் யாருக்கும் சேதமில்லை.

அந்தப் பெண் ஹாஜிரா டீச்சர். பாய்க்குப் புளி மண்டி. மகளுக்குக் கணக்கு. பஸ் டிக்கெட்டின் நம்பரைப் பார்த்து, அது எதனாலும் வகுபடாது என்றால் கிழிக்காமல் பர்சில் வைத்துக்கொள்வார். அதில் என்ன சந்தோஷம் என்று எனக்குத் தெரியாது. நான் ஆறாவதோடு நின்றவன். டேப்ரெக்கார்டர் ரிப்பேர்தான் தொழில்.

எண்பத்தேழில் அவர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் வந்தது. மற்ற வாத்தியார்கள் ஷாக் அடிக்கும் என்று கிட்டே போகவில்லை. டீச்சர்தான் புத்தகத்தைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டருக்கு வேண்டியதெல்லாம் கேசட்டில் இருக்கும். டேப்ரெக்கார்டரில் போட்டால் தகரத்தைக் கல்லில் தேய்த்த மாதிரி கத்தும். கம்ப்யூட்டருக்கு அது புரிந்துவிடும். அந்த டேப்ரெக்கார்டரைச் சரிபண்ணப் போய்த்தான் டீச்சர் பழக்கம்.

"இந்த இரைச்சல்ல என்னங்க டீச்சர் இருக்குது?"

"எல்லாம் நம்பர்தாண்ணா."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

அந்த வருஷம் டீச்சருக்கு நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளைக்குக் காரிமங்கலம். சவூதியில் ஷுக்கூரோடு ஒரே அறையில் இருந்தவர். லீவில் வரும்போது ஷுக்கூர் பேசிய கேசட்டை அவரே கொண்டுவந்தார். அப்போதெல்லாம் சவூதியிலிருந்து கேசட் வந்தால் வூடே கூடி உட்கார்ந்து கேட்கும், பக்கத்து வூடும் சேர்ந்துகொள்ளும். தனியாக ஒருவருக்கு ஒன்று சொல்ல வழியில்லை. மாப்பிள்ளை தங்கமானவர், தாராளமாகச் செய்யுங்கள் என்று பையன் பேசியிருந்தான். பேச்சு முடிந்த பிறகு டக் டக் என்று ஒரு சத்தம். மெஷின் கெட்டுவிட்டது என்று பாய் கேசட்டைப் பிடித்து இழுக்க, டேப் சிக்கிக்கொண்டது.

என்னிடம் வந்தது. கசங்கிப்போன நாலு விரற்கடை டேப்பை வெட்டி எறிந்து, ஒட்டி, சுற்றிக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். வெட்டினதைச் சொல்லமாட்டோம். சொன்னால் "என் பாட்டை வெட்டிட்டியா" என்று சண்டைக்கு வருவார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர் அதே கேசட்டோடு கடைக்கு வந்தார். அந்தச் சத்தம் மெஷின் கோளாறா என்று கேட்டார். போட்டுப் பார்த்தேன். மெஷின் கோளாறு ஒரே சீராக வரும். இது விட்டுவிட்டு, யாரோ மரப்பலகையில் ஸ்பூனால் தட்டின சத்தம். சொன்னதும் டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் விளையாடின விளையாட்டாம் அது.

இங்கிலீஷ் எழுத்துக்கு வரிசையாக நம்பர். அந்த நம்பரை ஐந்தால் வகுத்து மிச்சத்தைத் தட்டுவது, பிறகு ஏழால் வகுத்து மிச்சத்தைத் தட்டுவது. மிச்சமே இல்லையென்றால் முழுசாக ஐந்து, இல்லை ஏழு. ஒரு தட்டு, அப்புறம் நாலு தட்டு வந்தால் பதினொன்று, கே எழுத்து.

"பதினொண்ணுன்னு எப்படிங்க தெரியும்?"

"முப்பத்தஞ்சு வரைக்கும் தேடினாலும் அந்த ரெண்டு மிச்சமும் வர்ற நம்பர் அது ஒண்ணுதாண்ணா."

ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தும் விரல் விட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை. இன்றைக்கும்தான்.

தட்டுகளை எண்ணி எழுதி, அதை எழுத்தாக மாற்றக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டார். பி, ஓ என்று இரண்டு எழுத்து வந்தது. அதற்கப்புறம் வாயில் நுழையாத குப்பை. மறுநாள் வந்து கேட்டார்.

"அஞ்சுக்கு மேல வரவே கூடாத இடத்துல ஆறு தட்டு வருதுண்ணா. டேப்பை எங்கயாவது வெட்டினீங்களா?"

"இல்லைங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. டீச்சர் நம்பிவிட்டார். நாலு நாள் என் கடையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப எண்ணினார். முதலில் தன் காதைச் சந்தேகப்பட்டார். பிறகு, தம்பிக்குத்தான் விளையாட்டு மறந்துபோச்சு என்றார். நிக்காஹுக்கு ஐந்து நாள் இருக்கும்போது பத்திரிகை கொண்டுவந்து வைத்தார். இனி எண்ணப் போவதில்லை, தம்பி வாயால் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

அவர் படி இறங்கிவிட்டார். வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டேன்.

"டீச்சர், நாலு விரக்கடை வெட்டினேங்க."

திட்டுவார் என்று நின்றேன். "எந்த எடத்துல?" என்று மட்டும் கேட்டார். கேசட்டை ஓட்டி ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டினேன். மூன்றாவது எழுத்துக்கு முதலில் வரவேண்டிய தட்டு அங்கேதான் போயிருந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைத் திறந்தார். வெட்டில் போன தட்டின் இடத்தில் ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கக் கம்ப்யூட்டருக்குச் சொன்னார். டிவி மாதிரிப் பெட்டியில் ஐந்து வரி வந்தது. மூன்றாவது எழுத்துதான் வரிக்கு வரி மாறியது, பின்னால் எல்லாம் ஒன்றுதான். நடு வரியில் விரல் வைத்து டீச்சர் மெதுவாகப் படித்தார்.

"பாம்பேயில் குடும்பம் உண்டு."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வருஷா வருஷம் லீவுக்குப் பாம்பே வழியாகத்தான் வருவார்.

இப்போதே பாயிடம் போகலாம் என்றேன். டீச்சர் எழுந்திருக்கவில்லை. ஷுக்கூரின் பாஸ்போர்ட்டு அங்கே மாப்பிள்ளையின் அண்ணன் கையில் இருந்தது. வேலையும் அந்த ஆளிடம்தான். சங்கதி ஷுக்கூரிடமிருந்து வந்தது என்று தெரிந்தால் அவன் கதி என்ன? டீச்சர் வாயைத் திறந்தாலே தம்பிதான் சொன்னான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வரியை அழித்தார். பெட்டியை அணைத்தார். அதற்குப் பிறகு அவர் என் கடைப் படி ஏறவில்லை, என்னிடம் எதுவும் கேட்டதுமில்லை. கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

"தொப்பூர் டீக்கடையில பாம்பே லாரிக்காரங்க பேசிக்கிட்டாங்கன்னு, நீங்களா எங்கப்பாகிட்ட சொல்லிடுங்கண்ணா. தம்பி பேரு வேண்டாம்."