பம்புக்காரர் எழுதிவைத்த நோட்டு

தையல்காரம்மா பையைக் கட்டிவிட்டாள். நாலு மாற்றுத்துணி, மூக்குக்கண்ணாடி, அதோடு பெரிய கத்தரிக்கோல். கத்தரிக்கோலையே எடுத்து வைத்துவிட்டாள் என்றால் சும்மா மிரட்டல் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தக் கத்தரிக்கோலை அவள் பெற்ற பிள்ளையைக்கூடத் தொட விட்டதில்லை.

"இங்க ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு, வந்துடுடி. கல்லோட எத்தனை நாள் குடும்பம் நடத்துவே?" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். சாயங்காலம் டாக்டரிடம் அவரைக் காட்டிவிட்டு, அப்படியே அக்கா வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு. முப்பத்தோரு வருஷத்துக் குடும்பம் இப்படி ஒரு பைக்குள் வந்து நின்றது.

அந்தக் கல் யார் என்றால் அவள் புருஷன்தான். ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்த மனுஷன். முப்பத்துநாலு வருஷம் நீரேற்று நிலையத்தில் வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாருக்கும் தெரியாது, பம்புக்காரர் என்றால் தெரியும். உள்ளே நாலு பெரிய மோட்டார். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாமே எழுத்துதான். வேலை முடித்துப் போகிறவர் மோட்டாரின் சத்தம், சூடு, வாசனை, ஆட்டம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி மேஜைமேல் வைப்பார். அடுத்து வருகிறவர் படித்து, அடியில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எவனாவது 'எல்லாம் நன்றாக ஓடுகிறது' என்று ஒரே வரியில் முடித்தானோ, தொலைந்தான்.

"ஓடுதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமாடா? வயித்துவலியோட மாடு நடக்காதா?" என்று பிடித்து உலுக்குவார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்கிற ஜோக்கின் முடிவு யாருக்கும் தெரிந்ததே இல்லை. பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, புரையேறி, இவள் அவர் தலையில் தட்டி, அதோடு சரி.

ஓய்வு பெற்ற மறு வருஷம் வலது கை ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். கையும் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியது. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, "கை எப்படி இருக்கு? நடை எப்படி இருக்கு?" என்று கேட்பார். இவர், "நல்லா இருக்கு" என்பார். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

கை நல்லா இருந்தது. மனுஷன்தான் நல்லா இல்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், பால் பொங்கித் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, தெருவே மூக்கைப் பிடிக்கிறது. அவர் அசையவில்லை. "மூக்கை அடகு வச்சிட்டீங்களா?" என்று இவள் கத்தினாள். பழைய கூட்டாளிகள் கூப்பிட்டால் போவதில்லை. கழிவறைக்குள் போனால் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் தூங்கி வழிவது. அதையெல்லாம்கூட இவள் பொறுத்தாள். போன மாதம் இரண்டு நாள் கண்விழித்து, வருகிற துணிகளை ஒதுக்கிவைத்து, அவருக்கென்று ஒரு நீலச் சட்டை தைத்தாள். போட்டுவிட்டு, "எப்படி இருக்கு?" என்றாள். சுவரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்து, "ம்" என்றார். அந்த 'ம்' அவள் நெஞ்சில் தைத்தது. என்மேல் இவருக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

பையைக் கட்டினாலும் பாழாய்ப்போன மனசு கேட்கிறதா? எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதிவைத்துவிட்டுப் போகலாமே என்று தாள் தேடினாள். தையல் மிஷினுக்கு இடதுபக்கம் அந்தப் பச்சை அட்டை நோட்டு கிடந்தது. ஓய்வு பெற்ற அன்று உடன் வேலை செய்தவர்கள் கேலிக்காகக் கொடுத்த பம்பு ஹவுஸ் நோட்டு. நாலு மாதமாக இந்த மனுஷன் தினமும் சாயங்காலம் அதைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைப்பதும், அவள் "இந்தக் குப்பையை ஏன் இங்க கொண்டாந்து வைக்கிறீங்க?" என்று அலமாரியில் போடுவதுமாக நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அலுத்துப்போய் அதன்மேலேயே பொத்தான் டப்பாவை வைத்துவிட்டாள். ஒரு நாளாவது திறந்து பார்த்தாளா என்றால், இல்லை.

டப்பாவைத் தூக்கிவிட்டு நோட்டைத் திறந்தாள். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

'பால் தீய்ந்தது. எனக்கு வாசனை வரவில்லை. மூன்று வருடமாகவே எந்த வாசனையும் இல்லை.'

'மலச்சிக்கல். வெளிக்குப் போய் நான்கு நாள் ஆகிறது.'

'எழுந்தால் தலை சுற்றுகிறது. இன்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாது.'

'கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். போகப் பிடிக்கவில்லை. எதுவுமே பிடிக்கவில்லை. காரணம் தெரியவில்லை. பார்க்கவும்.'

அப்புறம் நாற்பத்தொன்றாம் பக்கம்.

'நீலச் சட்டை தைத்துக் கொடுத்தாள். காலர் கச்சிதம். ரொம்ப சந்தோஷம். சிரித்தேன். முகத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. அவள் எழுந்து போய்விட்டாள்.'

பக்கத்துக்கு இரண்டு நாளாக எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டு இடம் விட்டிருந்தார். நூற்றுப் பன்னிரண்டு கோடு. எல்லாம் காலி.

தையல்காரம்மா குமுறிக் குமுறி அழுதாள். அழுது முடித்ததும் பொல்லாத கோபம் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"ஏங்க, வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"மூணு தடவை சொன்னேன். நீ மிஷினை ஓட்டிக்கிட்டு இருந்தே."

"அதுக்காக எழுதியா வைப்பாங்க? இது என்ன பம்பு ஹவுஸா?"

"சத்தம் அதே அளவுதான்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுருக்கம் அசையவில்லை. சட்டென்று பொறி தட்டியது.

"அடப்பாவி மனுஷா! இப்ப ஜோக்கா அடிச்சீங்க?"

"ம்" என்றார்.

அந்தப் பாழாய்ப்போன அதே 'ம்'. அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. இத்தனை மாதமாக இந்த ஆள் உள்ளே உட்கார்ந்து ஜோக் அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், வெளியே ஒன்றும் வந்து சேரவில்லை!

சாயங்காலம் டாக்டரம்மா, "கை எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்ததும், அவர் வாயைத் திறப்பதற்குள் இவள் நோட்டை மேஜையில் வைத்தாள். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் படித்தார். வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டுமே.

"இது எல்லாமே அதே நோய்தாம்மா. கை ஆடுறது வெளிய தெரியும், இதெல்லாம் தெரியாது. மூக்கு, வயிறு, தூக்கம், மனச்சோர்வு, முகம், குரல் எல்லாத்தையும் அது பிடிக்கும். நானும் கையை மட்டுமே கேட்டுட்டு இருந்துட்டேன், தப்புதான்" என்றார். படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்தார். நிற்கும்போது அழுத்தம் இறங்கியது, தலைசுற்றல் அதனால்தான். அதற்கு வழி சொன்னார். வயிற்றுக்கு மருந்து, மனச்சோர்வுக்கு மருந்து, குரலுக்கும் முகத்துக்கும் பயிற்சி கொடுக்க ஒரு ஆள். "வாசனை திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. மத்ததை நிறையவே குறைக்கலாம்."

தையல்காரம்மாவுக்கு இது ஒன்றும் முக்கியமாகப் படவில்லை. "அப்போ இவருக்கு என்மேல வெறுப்பு இல்லையா டாக்டர்?" என்று கேட்டேவிட்டாள்.

"அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க? பக்கத்துலதானே இருக்காரு."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாப்பத்தொண்ணாம் பக்கம்" என்றார்.

அப்பாடா! தலையில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை ஆணியில் மாட்டினாள். அக்காவைக் கூப்பிட்டு, "அந்த ரூம்ல நீயே கையை காலை நீட்டிப் படுத்துக்கோ" என்றாள்.

ஐந்தாம் நாள் அவருக்கு வெளிக்கு நன்றாகப் போனது. ஒரு மனுஷன் வெளிக்குப் போனதற்கு ஒரு வீடு இவ்வளவு சந்தோஷப்படுமா என்று கேட்காதீர்கள், பட்டவர்களுக்குத் தெரியும். தலைசுற்றல் குறைந்தது. மாதம் இரண்டு கழித்து ஒரு நாள் தானே செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டாளிகளைப் பார்க்கப் போனார். சில நாள் இன்னும் நாற்காலியோடு நாற்காலியாகத்தான் கிடக்கிறார். பால் காய்ச்சுகிற உத்தியோகம் மட்டும் அவருக்குக் கிடையவே கிடையாது. அவர் உதடு அசைந்தால் இவள் கால் மிஷினை விட்டு இறங்கிவிடும்.

நேற்று மத்தியானம் அப்படித்தான். இவள் ஒரு கால்சட்டையை முன்பின்னாக வைத்துத் தைத்துவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்ல எழுந்து, ஒரு நிமிஷம் நின்று நிதானித்து, வந்து நோட்டை மேஜைமேல் வைத்தார். ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தது: 'சிரித்தேன்.'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் அப்படியேதான் இருந்தது. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, கோட்டுக்கு மேலே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.