தியேட்டரம்மா நத்தைத் தொட்டியைக் கழுவிய கதை

சுத்தம் சோறு போடும் என்று ஊரார் பேச்சுக்குச் சொல்வார்கள். அவளுக்கு அது நிஜமாகவே போட்டது, இருபத்திரண்டு வருடமாக, மாதாமாதம் தவறாமல். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர்களைக் கழுவித் துடைக்கும் பெண்களுக்கு அவள்தான் மேஸ்திரி. பெயர் தியேட்டரம்மா. அவள் தரையை ஒரு பார்வை பார்த்தால் பெரிய டாக்டரும் செருப்பைக் கழற்றிவிடுவார்.

வீட்டில் மட்டும் இந்த அதிகாரம் ஒரு கண்ணாடித் தொட்டியின் வாசலோடு நின்றது. அதில் அவள் கணவர் மூன்று நத்தைகள் வளர்த்தார். அவர் சரக்கு லாரி ஓட்டுகிறவர். ரோட்டில் எல்லாரும் தலைதெறிக்கப் போவதைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, வீட்டிலாவது அவசரமில்லாத ஒரு உயிர் வேண்டுமாம். மூன்றில் மூத்ததற்கு ஓடு கொஞ்சம் கோணல். அதைப் பெரியவர் என்பார். மாமனாருக்குக்கூடக் கொடுக்காத மரியாதை அது.

பத்து நாள் லோடு ஒன்று வந்தது. கிளம்பும்போது சொன்னார்:

"தினம் ரெண்டு தடவை தண்ணி தெளி. வெள்ளரிக்காய் ஒரு துண்டு போடு. வேற ஒண்ணும் பண்ணாத."

"ஏன், பண்ணினா என்னவாம்?"

"உன் கையில சுத்தம் தங்கும்மா, உயிர் தங்காது. ஜன்னல்ல இருந்த செடியெல்லாம் எங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். லாரி கிளம்பிப் போயிற்று, சொன்னது போகவில்லை. அவளோடு பாத்திரம் துலக்கியது, அவளோடு பஸ் ஏறியது. செடிகள் பட்டுப்போனது உண்மைதான். தூசி என்று சோப்புத் தண்ணீரால் இலை இலையாகத் துடைத்தது அவள்தான். அதற்காக, எத்தனையோ பேர் பிழைத்து எழுந்து போன மேசையைத் துடைக்கிற கையைப் பார்த்து இப்படியா சொல்வது? மூன்றையும் விட்டுப்போனதைவிட நன்றாக வைத்திருந்து அவர் முன்னால் நிறுத்துவது என்று முடிவு செய்தாள்.

தொட்டியைக் குனிந்து பார்த்தாள். கண்ணாடியெல்லாம் காய்ந்த சளித்தடம். பழைய வெள்ளரித் துண்டுகள் பூசணம் பூத்துக் கிடந்தன. மேலே வெள்ளைப் புள்ளிகளாக ஏதோ ஊர்ந்தது.

தியேட்டரில் நோயாளியை வெளியே கொண்டுபோனதும் செய்கிற வேலைக்கு ஒரு வரிசை உண்டு. உள்ளதையெல்லாம் வெளியே எடு. மேலிருந்து கீழாகத் துடை. மருந்து பத்து நிமிஷம் ஊறட்டும். மூலையை மறக்காதே. தொட்டிக்கும் அதே வரிசை. மண், சருகு, முட்டை ஓட்டுத் தூள் எல்லாம் சாக்குப்பைக்குப் போயின. நத்தைகளையும் விடவில்லை, ஓடு பளபளக்கத் தேய்த்து, வெள்ளைக் காகிதம் விரித்துப் படுக்க வைத்தாள். மூன்றும் உள்ளே இழுத்துக்கொண்டன. சுத்தமான இடத்தில் நல்ல தூக்கம் வரும்தானே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாளும் தூக்கம்தான். நான்காம் நாள் ஓட்டு வாயில் மெல்லிய வெள்ளைச் சவ்வு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

"எல்லாம் எப்படி இருக்கு?" என்று போனில் கேட்டார் கணவர்.

"சுத்தமா இருக்கு" என்றாள். அவளுக்குப் பொய் வராது.

மறுநாள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் பெண் வீட்டில் மீன் வளர்ப்பவள்.

"எதைப் போட்டுக் கழுவினீங்கக்கா?"

"நம்ம மருந்துதான்."

"தியேட்டர் மருந்தா?"

"கொஞ்சம் கூடவே கலந்தேன்."

அந்தப் பெண் கையிலிருந்த ட்யூபைக் கீழே வைத்தாள். "அக்கா, அது உடம்பாலயே நடக்குது. ஈரத்தோல் வேற. நீங்க துடைச்சதுல மிச்சம் இருக்கறது பூரா அது உள்ளதான் போகும். கிருமியைக் கொல்றாங்க, அடுத்தது நாமதான்னு கதவைச் சாத்திருச்சு."

"அப்ப அந்த அழுக்குலயே கிடக்கட்டுங்கறியா?"

"அழுகலும் கொல்லும். மிச்சம் மீதியைத் தினம் எடுங்க. கண்ணாடியை வெறும் தண்ணில துடைங்க. தண்ணியைக் காய்ச்சி ஆறவெச்சு ஊத்துங்க, குழாய்லயும் மருந்து கலக்கறாங்க. ஈரமண்ணு வேணும், சருகு வேணும். அது வீடுக்கா, வார்டு இல்ல."

அரை நாள் லீவு போட்டு ஓடினாள். குப்பை வண்டி இன்னும் வரவில்லை. வெளியே போன குப்பையை அவள் வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவந்தது அதுவே முதல் தடவை. அழுகலைப் பொறுக்கி எறிந்து, நல்ல மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டாள். தொட்டியை வெறும் தண்ணீரில் நாலு முறை அலசி முகர்ந்தாள். வாசனையே இல்லை. அங்கேதான் சந்தேகம் தட்டியது. இருபத்திரண்டு வருடமாக அதே வாசனையில் நின்ற மூக்கை எப்படி நம்புவது? பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள்.

"இதை மோந்து பாரேன்."

"ஆஸ்பத்திரி வாசம் குப்புன்னு அடிக்குது. உன் மேலயும்தான்."

இன்னும் ஐந்து முறை அலசினாள், கையையும் சேர்த்து. ஒன்பதாம் முறைதான் பக்கத்து வீட்டு மூக்கு ஒப்புதல் கொடுத்தது. மண் போட்டு, சருகு போட்டு, நத்தைகள் மேல் வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

காலையில் இரண்டு வெளியே வந்து வெள்ளரியைக் கொறித்துக்கொண்டிருந்தன. பெரியவர் வரவில்லை. கணவர் திரும்பி வந்த அன்றும் வரவில்லை.

அவர் பையை வைக்குமுன்னே சொல்லிவிட்டாள், மருந்து, காகிதம், சாக்குப்பை எல்லாவற்றையும். "நீங்க சொன்னது சரிதாங்க. உயிர் தங்காது."

அவர் பெரியவரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போன வருஷம் ஒண்ணு செத்துச்சே, வயசாயிருச்சுன்னேன்ல?"

"ஆமா."

"வயசெல்லாம் இல்ல. ஒரு மாசம் தொட்டியையே தொடல நான். பூச்சி மொய்ச்சிருந்தது."

"அப்ப உங்க கையிலயும் தங்கலையா?"

"தங்கல."

அதற்கு மேல் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் போனதால், சேர்ந்து உட்கார்ந்து தண்ணீர் சொட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து மாலையில் சவ்வு கிழிந்தது. ஒரு கொம்பு வந்தது, யோசித்து, இன்னொன்று. அவள் சொல்லாமலே அவர் நேற்றைய வெள்ளரித் துண்டை எடுத்து வெளியே போட்டார். பெரியவர் இளைத்த உடம்போடு கண்ணாடியில் ஏறினார், பின்னால் பளபளவென்று ஒரு தடம். அவள் கை பழக்கத்தில் துணியை எடுத்தது.

எடுத்த துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்குத் துடைச்சுக்கறேன்" என்றாள்.