தண்ணி வருது, வெளிய வாங்க!

ஊருக்கு ஆபத்து வருதோ இல்லையோ, மழைக்காலம் வந்தால் முதல் ஆபத்து என் தொண்டைக்குத்தான். செஞ்சியில் பேரூராட்சிக்காக ஆட்டோவில் மைக் பிடிக்கிறவன் நான். கத்திப் பிழைக்கிற டீச்சர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

ஒத்திகை

ஏரிக்குக் கீழே இருக்கிற ஓடைத் தெருவில் வெள்ள ஒத்திகை. மேலதிகாரி அம்மா குடையோடு நிற்கிறார். "தண்ணி வருது! எல்லாரும் உடனே வெளிய வாங்க!" என்று கத்தினேன். தெருவே திரண்டு வந்தது. அம்மாவுக்கு ஒரே பூரிப்பு, எனக்கும்தான். கிட்டே போய்ப் பார்த்தால் ஆளுக்கு ரெண்டு குடம்! குழாய்த் தண்ணி சேதியை அந்தத் தெருவுக்குத் தினமும் சொல்கிற குரலும் இதுதானே. முதல் ஆளாகக் குழாயைத் திருகிப் பார்த்த சரோஜாக்கா என்னை முறைத்தது.

"இன்னா தம்பி, வருது வருதுன்னு கூவுன, வெறும் காத்துதான் வருது?"

புது வசனம்

"இனிமே தண்ணிங்கற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி, புதிதாக எழுதியும் கொடுத்தார். "தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." நாக்கு சுளுக்கிக்கொள்ளாமல் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். டீக்கடையில் இருந்த பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து, ஆட்டோ ஓட்டும் பாஷா பாயிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாரு தவறிட்டாங்க பாய்? பேரையே சொல்லலியே அந்தத் தம்பி?"

நிஜம்

அப்புறம் நிஜமாகவே புயல் வந்தது. விடாத மழை. சாயங்காலம் ஏரி வழிய ஆரம்பித்து, ஓடைத் தெருவில் கணுக்கால் அளவு தண்ணி. இருக்கிறதிலேயே பள்ளமான வீடு சரோஜாக்காவுடையது, உள்ளே கால் ஒடிந்து கட்டுப் போட்ட புருஷன் வேறு. பணிவன்புடன் கேட்டுக்கொண்டேன். ஒரு கதவும் திறக்கவில்லை. வாசல்படிகள் உயரம் என்பதால் உள்ளே இருந்தவர்களுக்கு இன்னும் தெரியவில்லை; தெருவில் தண்ணி முழங்காலைத் தொட்டது. ஐயோ, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பழைய பாட்டையே பாடுய்யா!" என்றார் பாஷா பாய்.

"தண்ணி வருது! இன்னிக்கி வுட்டா நாலு நாளிக்கி கெடையாது!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தினேன். படபடவென்று எல்லாக் கதவும் திறந்தன. கரண்டே இல்லாத ஊரில் மோட்டார் எப்படி ஓடும் என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. குடத்தோடு வாசல் இறங்கிய சரோஜாக்கா காலடியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, குடத்தை வீசிவிட்டு, "பாய், ஓடியாங்க, எங்க வூட்டுக்காரரத் தூக்கணும்!" என்று அலறியது. அவரை ஆட்டோவில் ஏற்றினோம். தெரு மொத்தமும் மேட்டில் இருக்கிற ஸ்கூலுக்கு வந்து சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சரோஜாக்கா வீட்டு ஜன்னல் வரை தண்ணி. ஸ்கூல் வராந்தாவில் தலையைத் துவட்டிக்கொண்டே அக்கா கேட்டது:

"எல்லாம் சரி தம்பி, வந்தது நல்ல தண்ணியா உப்புத் தண்ணியான்னு சொல்லலியே நீ?"

அதிலிருந்து அந்தத் தெருவில் நான் நிஜமான குழாய்த் தண்ணிக்குக் குரல் கொடுத்தால், குடத்தை வீட்டில் வைத்துவிட்டு, துணிமூட்டையோடு எல்லாரும் ஸ்கூலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.