ஊறவைத்த சட்டை

சலவைக் கடையின் பின்னறையில் அவளுக்குப் பெயர் கறை டாக்டர். இருபத்திரண்டு வருடமாக அதே தொட்டி, அதே ஈரத்தரை. மை, எண்ணெய், துரு, எது ஒட்டியிருந்தாலும் பில் போடுகிறவர் துணியை அவள் பக்கம் தள்ளிவிடுவார். அவளுக்கும் அதில் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, வேறு எதில்தான் அவள் பெருமைப்பட்டுக்கொள்வது? பெற்றவர்கள் போனபிறகு ஒண்டியாக வளர்த்து ஆளாக்கிய ஒரே தம்பிதான் அவளுக்கு எல்லாம்.

தம்பி குடோனில் மூட்டை இறக்குகிறவன். ஒரு நாள் மத்தியானம் சட்டையெல்லாம் ரத்தமாக வந்து நின்றான். மேஸ்திரி படிக்கட்டுக்கடியில் மண்டை உடைந்து கிடந்தாராம், தூக்கிப் பார்த்தால் உயிர் இல்லையாம், பயந்து ஓடிவந்துவிட்டானாம். அவன் சொல்லி முடிப்பதற்குள் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டாள். கை அதுபாட்டுக்குச் செய்தது. போலீஸ் வந்தபோது சட்டை கொடியில் பளிச்சென்று தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பிக்கு வைத்த வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரும் கண்ணால பாக்கலம்மா. சுத்தி நடந்ததை வெச்சுத்தான் கேஸே. காலையில ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அந்த நேரத்துல அங்க இருந்தவன் இவன் ஒருத்தன். யாரையும் கூப்பிடாம ஓடியிருக்கான். அதுக்கெல்லாம் ஏதாவது பதில் சொல்லிடலாம். ஆனா அடிச்சிருந்தா ரத்தம் தெறிச்சிருக்கும், தூக்கியிருந்தா அப்பியிருக்கும். அதைச் சொல்ல அந்தச் சட்டை ஒண்ணுதான் இருந்துச்சு."

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பழக்கத்தில் துவைத்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னால் நம்புவார்கள் என்றுதான் கூண்டில் ஏறினாள்.

அரசு வக்கீல் வெண்ணெய் மாதிரிப் பேசினார், பாவி மனுஷன்.

"மனசுல எதுவும் வெச்சுக்கிட்டு துவைக்கல, அப்படித்தானேம்மா?"

"ஆமாங்க. பழக்கம்."

"பதட்டத்துல அப்படியே வெந்நீர்ல போட்டுட்டீங்களா?"

"வெந்நீரா? வெந்நீர்ல போட்டா ரத்தம் துணியில பிடிச்சுக்குமே சார். பச்சத்தண்ணியில ஊறவெச்சு உப்பு போட்டுக் கசக்கணும். ஒரு பொட்டுகூட நிக்காது."

சொல்லும்போது முகத்தில் ஒரு களை வேறு. அடி பைத்தியக்காரி. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று ஒரு நொடி யோசித்திருக்கக் கூடாதா? அரசு வக்கீல் "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

தம்பிக்கு ஆயுள் தண்டனை. ரத்தக்கறையை எப்படிப் போக்குவதென்று நன்றாகத் தெரிந்தவர், தெரிந்தேதான் போக்கியிருக்கிறார் என்று நீதிபதி தீர்ப்பில் வாசித்தார்.

வேனில் ஏற்றியதும் கம்பி வழியாகத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழவில்லை. தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அன்னைக்கு நான்தான் அடிச்சேன்னு நினைச்சு துவைச்சியா?"

"ஐயோ, இல்லடா."

அவன் தலையாட்டினான். நம்பவில்லை.