சேரலைன்னா மாத்திக்கலாம்

விற்ற புத்தகம் ஒன்று முதன்முதலாக என்னிடம் திரும்பி வந்தது மலைமேல் சோளக்காட்டுச் சந்தையில். கொண்டுவந்தவர் திண்ணனூர் நாட்டு மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த வெள்ளையம்மா. தலையில் அன்னாசிக் கூடை, கையில் போன வாரம் நான் விற்ற கதைப் புத்தகம்.

“பாயம்மா, இது புள்ளைக்குச் சேரலீங்க. மாத்திக் குடுங்க.”

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. நான் மலை அடிவாரத்தில் ஸ்டேஷனரி கடை வைத்திருந்தவள். நோட்டு, பேனா, கைடு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. கடையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். சந்தை நாளில் மட்டும் ஒரு கட்டுப் புத்தகத்தோடு நான் பஸ் ஏறுவேன். மலைப்பாதையின் அத்தனை வளைவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டி வந்து தார்ப்பாய் விரிப்பவளுக்கு, முதல் போணியே ரிட்டன் என்றால் எப்படி இருக்கும்? ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்த அட்டையைக் காட்டினேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே” என்றார்.

படித்துச் சொன்னேன். அதோடு நிறுத்தாமல், “புஸ்தகம் என்ன கோழியா, மாத்திக் குடுக்க?” என்றும் கேட்டேன்.

அவர் பக்கத்துக் கடையைப் பார்த்தார். அங்கே ராமசாமி அண்ணன் கோழி விற்பார். வாங்கிப் போன கோழி அடைக்கு உட்காரவில்லை என்றால் அடுத்த சந்தையில் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். அது அவர் கடை வழக்கம்.

“அண்ணன் மாத்திக் குடுக்கறாருங்கல்ல? கோழிக்கே மாத்தும்போது புள்ளைக்கு மாத்தக் கூடாதுங்களா?”

ராமசாமி அண்ணன் சிரித்த சிரிப்பில் கூண்டுக்குள் கோழிகள் மிரண்டன. நான் மாற்றிக் கொடுத்தேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் கொடுத்தேன், பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை.

எதற்காக இந்த அலைச்சல்

வெள்ளையம்மாவின் மகள் தர்ஷினி அப்போது இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். வகுப்பில் ஒருநாள் சத்தமாக வாசிக்கும்போது பாதி வரியில் நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி. டீச்சர் வீடு தேடி வந்து கூப்பிட்டபோது மிளகுக்கொடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். அது முழுப்பரீட்சை லீவு நேரம்.

“தொறந்தா மறுக்காப் போகுமான்னு தெரியலீங்க” என்றார் வெள்ளையம்மா. “அவங்கப்பன், ‘போகாட்டி உடு, தம்பியப் பாத்துக்கிட்டு ஊட்டுல கெடக்கட்டும்’ங்கறாரு. ஒருக்கா ஊட்டுல ஒக்காந்துட்டா அப்பறம் எங்கீங்க போறது? நான் அப்படி ஒக்காந்தவதானுங்க.”

அதற்கு மேல் என்னால் அட்டையைக் காட்ட முடியவில்லை. பிடித்த புத்தகம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் பிள்ளைக்குப் பயம் போய்விடும் என்று அவர் நம்பினார். அந்தப் புத்தகம் எது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

சேராதவை

முதலில் திரும்பி வந்தது என் கடையிலேயே அழகான புத்தகம். கெட்டி அட்டை, தங்க நிற எழுத்து, பளபளக்கும் தாள். தர்ஷினி அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டாளாம்.

அதற்கு மாற்றாகக் கொடுத்தது நீதிக்கதைகள். அதுவும் வந்தது. “ஒவ்வொரு கதை முடிவுலயும் யாரையாச்சும் திட்டுதாமுங்க.”

அடுத்தது எழுத்துப் பயிற்சிப் புத்தகம். “இது பள்ளிக்கூடமேதான்னு தூக்கிப் போட்டுடுச்சுங்க.”

என் வீட்டுக்காரர், “நீ கடை நடத்துறியா, லைப்ரரி நடத்துறியா?” என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் புத்தகம் விற்கிறவளுக்கு ஒரு சின்னப் பிள்ளைக்குப் புத்தகம் எடுக்கத் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

எங்கள் லைனில் அட்டை, விலை, கமிஷன் இந்த மூன்றையும் பார்த்துத்தான் ஸ்டாக் எடுப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாருக்கு நேரம்? அந்த வாரத்திலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாக வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, பிள்ளை மாதிரியே படிக்க ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். படிக்கப் படிக்கத்தான் விஷயம் பிடிபட்டது. வரி நீளமாக இருந்தால், கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகிறது. படத்தில் நாய் இருக்கும், எழுத்தில் அந்த நாயைப் பற்றிப் பேச்சே இருக்காது. அப்புறம் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு ஏறும்?

எழுத்தில்லாத புத்தகம்

அப்போது வந்த பார்சல் ஒன்றில் சில புத்தகங்களில் படம் மட்டும்தான் இருந்தது. ஒரு சொல்கூட இல்லை. அச்சில் விட்டுப்போயிற்று என்று நினைத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போட்டேன்.

“அது அப்படித்தான் மேடம். படத்தப் பாத்துப் பிள்ளைங்களே கதை சொல்லணும். யாரும் வாங்க மாட்டேங்கறாங்க, அதான் கட்டோட சேத்து அனுப்பிட்டேன்.”

எனக்கு மட்டும் ஒன்று தோன்றியது. தர்ஷினி எழுத்தில் தடுக்கி விழுந்த பிள்ளை. இதில் தடுக்க எழுத்தே இல்லையே! வெள்ளையம்மா வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. புத்தகங்களைத் தார்ப்பாயில் மூடுகிற அவசரத்தில், ஒன்றும் விளக்கிச் சொல்லாமல் அதில் ஒன்றைக் கையில் திணித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த சந்தைக்கு அவர் வேகமாக வந்தார். கூடவே தர்ஷினியும் வந்திருந்தாள். எப்போதும் சத்தம் போடாத மனுஷி அன்று சத்தம் போட்டார்.

“ஏனுங்க பாயம்மா, அவங்கப்பன் பிரிச்சுப் பாத்துட்டு, ‘ஒனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வெத்துப் புஸ்தகத்தத் தலையில கட்டிட்டாங்க’ன்னு சிரிக்கறாருங்க. தெரியாதவதானுங்க நான். அதுக்குன்னு எழுத்தே இல்லாததக் குடுப்பீங்களா?”

“ஐயோ, அப்படி இல்லம்மா. குடு, வேற தாரேன்” என்று கை நீட்டினேன். புத்தகம் தர்ஷினியிடம் இருந்தது. வெள்ளையம்மா வாங்கப் பார்த்தார், அவள் விடவில்லை. பிடித்து இழுத்தார். அவள் புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு என் தார்ப்பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இத மாத்த வேண்டாம்.”

என் கடையில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“அதுல என்ன கண்ணு இருக்குது?” என்று கேட்டேன்.

பக்கம் பக்கமாகப் புரட்டிச் சொன்னாள். கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, வாசலில் கட்டிய வாழையைத் தின்கிறது. ரோட்டு வளைவில் படுத்துக்கொண்டு, லாரிக்காரர் ஹாரன் அடித்தும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. லாரிக்காரர் அதை எப்படித் திட்டினார் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை இங்கே எழுத முடியாது. ராமசாமி அண்ணன் விற்க எடுத்த கோழியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார். தர்ஷினி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

குறுக்கே பேசியது வெள்ளையம்மாதான். “அது எங்கடி ஓடுது? தாயத் தேடிக்கிட்டுல்ல போகுது. இங்க பாரு, மாடு அந்தப் பக்கம் மேயுது.”

“இல்லம்மா, அது வேற மாடு. கொம்பப் பாரு.”

“கொம்பு அதேதான்டி.”

தாயும் மகளும் தலையோடு தலை முட்டச் சண்டை போட்டார்கள். திடீரென்று வெள்ளையம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“பாயம்மா, அப்ப இத நானுங்கூடப் படிக்கலாமாட்ட இருக்குதுங்களே?”

“தாராளமாப் படிக்கலாம்மா” என்று தள்ளி உட்கார்ந்து அவருக்கும் இடம் கொடுத்தேன்.

ஒரு வரி

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. பக்கத்துக்கு ஒரே ஒரு வரி, அதுவும் திரும்பத் திரும்ப வருகிற வரி உள்ள ஆட்டுக்குட்டிக் கதை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். தர்ஷினி முதலில் படத்தைப் பார்த்துத் தன் கதையைச் சொன்னாள். பிறகு எழுத்தும் அதையே சொல்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். வேறு மாதிரி இருந்த இடத்தில், “இங்க தப்பாப் போட்டிருக்காங்க” என்றாள். மிளகுக்கொடிக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை எழுத்தோடு சண்டைக்கு நிற்கிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். லீவு முடிகிறவரை வாரம் ஒரு புத்தகம் மாற்றிக்கொண்டு போனாள். கன்றுக்குட்டிப் புத்தகத்தை மட்டும் மாற்றவே இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு வந்த முதல் சந்தையில் நான் வியாபாரத்தைக் கவனிக்கவில்லை, வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மா தனியாக வந்தார்.

“தர்ஷினி எங்கம்மா? மறுபடியும் வயித்துவலியா?”

“இல்லீங்க பாயம்மா, பள்ளிக்கூடம் போயிருக்குதுங்க.”

ராமசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, “கோழி அடைக்கு ஒக்காந்திருச்சாட்ட இருக்குது” என்றார். நான் படைத்தவனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வெள்ளையம்மா கூடையை இறக்கிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். “அந்தக் கன்னுக்குட்டிப் புஸ்தகம் இன்னொண்ணு இருக்குதுங்களா?”

“ஏன், என்னாச்சு? தொலச்சுப்புட்டாளா?”

“இல்லீங்க. அத டீச்சருக்குக் கதை சொல்லோணும்னு பையில வெச்சுக்கிட்டுப் போயிருச்சு. இது எனக்குங்க.”

இப்போது கடையை என் மகன் பார்க்கிறான். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்கி வைக்கலாம் என்று புதிதாகக் கடை போடுகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். அதற்கு மேல் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அது சொல்லும்வரை மாற்றிக் கொடுக்கிற பொறுமை கடைக்காரருக்கு வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை தானாக வரவில்லை. ஓர் அம்மாவும், அவர் மகளும், ஒரு கோழிக்கடைக்காரரும் சேர்ந்து வரவழைத்தார்கள். மூன்று பேருக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

வெள்ளையம்மா தனக்குப் புத்தகம் கேட்ட அன்றைக்கே அந்தப் பழைய அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ‘சேரலைன்னா மாத்திக்கலாம்’ என்று எழுதித் தொங்கவிட்டேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்வேன். எத்தனையோ புத்தகங்கள் திரும்பி வந்தன. வெள்ளையம்மா தனக்கென்று வாங்கிப் போனது மட்டும் இன்றுவரை வரவில்லை.